ஸ்கோப்பைக் குறை சொல்லுமுன் மவுண்டைப் பாருங்கள்

நல்ல ஸ்கோப் வாங்கிவிட்டால் குறி தானாக அமைந்துவிடும், அதைத் துப்பாக்கியோடு சேர்க்கிற மவுண்ட் வெறும் உலோகத் துண்டு, கிடைத்ததைப் போட்டு இறுக்கினால் போதும் என்ற எண்ணம் துப்பாக்கி பிடிக்கிறவர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. துப்பாக்கிக்குப் பணம் ஒதுக்குவார்கள், ஸ்கோப்புக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஒதுக்குவார்கள். கடைசியில் மிஞ்சிய சில்லறைக்கு மவுண்டை, அதாவது ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கையும் அந்த ரிங்கைத் துப்பாக்கி உடலோடு சேர்க்கும் பேஸையும், வாங்குவார்கள். வலுவாக உதைக்கும் துப்பாக்கியைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. குண்டு எங்கே போய்ச் சேரும் என்பதை முதலில் முடிவு செய்வது மவுண்ட்தான். அது ஒழுங்காக இருந்தால் மட்டுமே ஸ்கோப்பின் தரத்துக்குப் பொருள் உண்டு.

வேட்டை சட்டப்படி எப்போதோ முடிந்துபோன நாட்டில் இதைப் பற்றி இப்போது எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். வேட்டை முடிந்தது, துப்பாக்கியின் வேலை முடியவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைப் பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரம் போய், உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் சுடுகிறார்கள். போடியிலிருந்து தேவாரம் போகும் வழியில் உள்ள சிலமலை போன்ற ஊர்களுக்கு இந்த அளவுகள் வெறும் காகிதக் கணக்கல்ல. மலையை ஒட்டிய மாந்தோப்பும் இலவந்தோப்பும் முதல் வளையத்திலோ இரண்டாம் வளையத்திலோ விழும். அங்கே துப்பாக்கிக்கு இடமே இல்லை. கீழே சமவெளியில், வீடுகளும் தோட்டச் சாலைகளும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில்தான் சுட அனுமதி. அதாவது, குறி தவறினால் மனிதர்மேல் பட வாய்ப்பு மிக அதிகமாக உள்ள இடத்தில்தான் சட்டம் துப்பாக்கியை அனுமதிக்கிறது. அந்தத் துப்பாக்கியின் உறுப்புகளில் எது முதலில் தளரும் என்று கேட்பது அதனால் பொழுதுபோக்குக்காரர்களின் கேள்வி அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. காயப்பட்டு ஓடிய பன்றி அங்கேயே சாவதில்லை. தாடை உடைந்ததோ குடலில் குண்டு வாங்கியதோ, புதருக்குள் நாள்கணக்கில் கிடந்து சாகும். விடியற்காலையில் வேலைக்குப் போகும் பெண்கள் அந்தப் புதரைத் தாண்டித்தான் போக வேண்டும். பன்றியின் இதயமும் நுரையீரலும் முன்னங்காலுக்குப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. நம்பிச் சுடக்கூடிய வட்டம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அகலம்தான். வளர்ந்த ஆண்பன்றிக்குத் தோளின்மேல் தடித்த குருத்துத்தோல் கவசம் வேறு. அந்த வட்டத்துக்கு வெளியே விழும் ஒவ்வொரு குண்டும் ஒரு கொடுமை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்கைப் பார்க்க வேண்டும். ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு ரிங்குகளுக்கும் இடையே ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் கனம், பக்கவாட்டில் நகர்ந்தால் 100 மீட்டரில் குண்டு 8 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். வட்டத்தின் பாதி அகலம் 7.5 சென்டிமீட்டர். நடுவில் குறி வைத்தவனின் குண்டு ஒரு தாள் கனத்துக்கே விளிம்பைத் தாண்டிவிடுகிறது. சுடுகிறவரின் கை நடுக்கத்தை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. உலகத்திலேயே சிறந்த கண்ணாடியை அதில் பொருத்தியிருந்தாலும், அது அந்தத் தவறான இடத்தை மிகத் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான்.

மவுண்ட் எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதையின் அளவை எண்ணாகப் பார்ப்பது நல்லது. யானை, காட்டெருமை போன்றவற்றுக்கும் பயன்பட்ட .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19.4 கிராம் எடையுள்ள குண்டை விநாடிக்கு 770 மீட்டர் அளவில் தள்ளுகிறது. வெடிமருந்து வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால், 4.2 கிலோ துப்பாக்கி விநாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். உதையின் ஆற்றல் 50 ஜூல் அளவு. .458 வின்செஸ்டர் மேக்னத்தில் அது 80 ஜூலைத் தாண்டும். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் இவற்றோடு பார்த்தால் சாது, 20 ஜூலை ஒட்டியது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பன்றிக்குப் பயன்படும் 12 போர் துப்பாக்கியில் 28 கிராம் ஒற்றைக்குண்டு போட்டுச் சுட்டால், துப்பாக்கி எடை குறைவாக இருப்பதால், உதை 35 ஜூல் வரை போகும். ரைஃபிள் இல்லை, வெறும் தோட்டாத் துப்பாக்கிதானே என்று அதன்மேல் மலிவான ரிங்கில் ஸ்கோப் மாட்டுகிறவர்கள், தாங்கள் .315-ஐவிடக் கடுமையான உதையைக் கையாள்கிறோம் என்பதை அறிவதில்லை.

இந்த உதை மெதுவாக வருவதுமில்லை. .375-இல் குண்டு குழலைவிட்டு வெளியேற ஏறத்தாழ 1.3 மில்லி விநாடி ஆகிறது. அந்த நேரத்துக்குள் துப்பாக்கி பெறும் சராசரி முடுக்கம் புவியீர்ப்பின் 300 மடங்கு. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் 700 மடங்கைத் தொடும். ஸ்கோப் அரைக் கிலோ என்று கொண்டால், துப்பாக்கி பின்னால் பாயும்போது அது இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிற விசை உச்சத்தில் 3500 நியூட்டனை நெருங்குகிறது. 350 கிலோ எடையை ஒரு கணம் அந்த ரிங்குகளின்மேல் தொங்கவிட்டு எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஒவ்வொரு வெடியிலும் அப்படி நடக்கிறது. பெரிய லென்ஸ் போட்ட கனமான ஸ்கோப் என்றால் விசை இன்னும் கூடும். ஆகவே கூடுதல் விலையில் கனமான ஸ்கோப்பை வாங்கிவிட்டு மவுண்டில் மிச்சம் பிடிப்பவர், சுமையை ஏற்றிவிட்டுத் தாங்கும் இடத்தைப் பலவீனமாக்குகிறார்.

இப்போது இந்த விசையை எது தடுக்கிறது என்று பார்ப்போம். ஸ்க்ரூவை இறுக்கினால் போதும் என்ற எண்ணத்தின் பின்னால் இருப்பது உராய்வின்மேல் வைத்த நம்பிக்கை. பேஸைத் துப்பாக்கி உடலோடு பிடிக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பழைய 6-48 அளவு. நல்ல துப்பாக்கிகளில் 4.2 மில்லிமீட்டர் அளவுள்ள 8-40. முறையாக 2.5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கிய 8-40 ஸ்க்ரூ ஒன்று ஏறக்குறைய 3000 நியூட்டன் அழுத்தம் தரும். நான்கு சேர்ந்தால் 12,000. இரும்பும் அலுமினியமும் தொடும் பரப்பில் உராய்வுக் குணகம் 0.2 என்று எடுத்தால் உராய்வு தாங்குவது 2400 நியூட்டன். தேவை 3500. உராய்வு தோற்றுவிடுகிறது, மீதி விசை ஸ்க்ரூவின் பக்கவாட்டில் விழுகிறது. ஸ்க்ரூ உடனே முறிவதில்லை. துளைக்குள் இருக்கும் நூலிழை இடைவெளியில் சற்றே சாய்கிறது, அடுத்த வெடியில் இன்னும் கொஞ்சம், பிறகு தளர்கிறது. இருபதாவது, முப்பதாவது தோட்டாவில் குறி மெல்ல மெல்ல விலகுவதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

அதனால்தான் உதைக்கும் துப்பாக்கிக்கு மவுண்ட் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஸ்க்ரூ என்பதல்ல, விசையை முட்டுக் கொடுத்து வாங்கும் இடம் எங்கே என்பது. சில துப்பாக்கிகளில் ரிங் உட்காரும் இடம் துப்பாக்கி உடலிலேயே கடைந்து வருகிறது. இடையில் தனியாக ஒரு பேஸ் இல்லாததால் தளர்வதற்கு ஒரு மூட்டு குறைவு. ரூகரின் வடிவமும், செக் நாட்டின் பெர்னோ, சி.ஸட். துப்பாக்கிகளின் வடிவமும் இந்த வகை. தனிப் பேஸ் என்றால் அது துப்பாக்கி உடலின் வளைவுக்கு ஒட்டி உட்கார வேண்டும். அடியில் ஒரு முட்டோ ஊசியோ இருந்தால் மிக நல்லது. மேலே குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பிக்காட்டினி தண்டவாளம் என்றால் ரிங்கின் அடியில் உள்ள குறுக்குக் கட்டை அந்தப் பள்ளத்தின் சுவரில் முட்டுகிறது. 1995-இல் அமெரிக்க ராணுவம் தரமாக்கிய இந்த வடிவத்தில் பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம். அதற்கு முந்தைய வீவர் வடிவத்தில் பள்ளம் 4.57 மில்லிமீட்டர்தான். வீவர் ரிங்கை பிக்காட்டினியில் மாட்ட முடியும், ஆனால் அதன் குறுக்குக் கட்டை ஒல்லியாக இருப்பதால் பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டருக்குமேல் ஆடும். இரண்டும் ஒன்றுதான் என்று விற்பவர் சொல்வது உதைக்காத துப்பாக்கிக்குப் பொருந்தலாம். இறுக்கும்முன் ரிங்கைக் குழலின் வாய்ப்பக்கமாக முன்னே தள்ளி, கட்டை பள்ளத்தின் முன்சுவரைத் தொட்டிருக்கும்போது முறுக்க வேண்டும். துப்பாக்கி பின்னால் போகும். ஸ்கோப் முன்னால் போக விரும்பும். முன்சுவரில் ஏற்கெனவே முட்டியிருந்தால் அதற்குப் போக இடமில்லை.

இந்த இடத்தில் ஏர்கன் அனுபவம் பலரைத் தவறான பக்கம் இழுக்கிறது. உரிமம் இல்லாமல் வாங்கக்கூடியது ஏர்கன்தான் என்பதால் ஸ்கோப் மாட்டும் பழக்கம் இங்கே பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறது. ஸ்பிரிங் ஏர்கன் இரண்டு தடவை உதைக்கிறது: பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால், பிஸ்டன் முனையில் மோதும்போது துப்பாக்கி முன்னால். இரண்டாவது அடிதான் கூர்மையானது. ஸ்கோப் பின்பக்கமாக நகரும். அதற்கேற்ப, தடுப்பு ஊசியை ஸ்கோப் பின்னால் நகராதபடி பொருத்துவார்கள். அதே பழக்கத்தில், அதே 11 மில்லிமீட்டர் வாலிணைப்பு ரிங் தாங்கியது என்ற நம்பிக்கையில் தோட்டாத் துப்பாக்கிக்கு வருகிறவர், எதிர்த்திசையில் தடுப்பு வைத்து வருகிறார். என் ரிங் வருடக்கணக்காக அசையவில்லை என்று அவர் சொல்வது உண்மைதான். அது வேறு துப்பாக்கியில், வேறு திசையில் அசையாமல் இருந்தது.

தளர்ந்தால் இன்னும் இறுக்கு என்பது அடுத்த நம்பிக்கை. இது நோயை மருந்தாகக் கொடுப்பது. ஸ்கோப் குழல் மெல்லிய அலுமினியம். ரிங்கின் மேல்மூடி ஸ்க்ரூவுக்குப் பொதுவாக 2 நியூட்டன் மீட்டருக்குள்தான் முறுக்கச் சொல்வார்கள். கையில் எல் வடிவச் சாவியை வைத்துக்கொண்டு பலம் உள்ள மட்டும் திருகினால் அதைவிட இரண்டு மடங்கு எளிதாகப் போகும். குழல் நசுங்கும், உள்ளே குறிக்கோட்டை நகர்த்தும் ஸ்பிரிங் ஒரு பக்கம் உரசும், திருத்தும் கைப்பிடி நான்கு கிளிக் திருப்பினாலும் குறி இரண்டு கிளிக்தான் நகரும். அப்புறம் ஸ்கோப் மோசம் என்பார்கள். இரண்டு ரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாதபோது இதே கதைதான். முறுக்க முறுக்க குழல் வளைகிறது. முறையான வழி அலுப்பூட்டும் அளவுக்கு எளியது. துளையிலும் ஸ்க்ரூவிலும் உள்ள எண்ணெயை முழுக்கத் துடைத்து, ஸ்க்ரூவின் மரையில் அதைத் தளராமல் பிடிக்கும் நீலப் பிசின் ஒரு துளி போட்டு, டார்க் ரெஞ்சால் அளந்து முறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, ஸ்க்ரூத் தலைக்கும் பேஸுக்கும் குறுக்கே ஒரு வண்ணக் கோடு போட வேண்டும். அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று அடுத்த முறை பார்ப்பதற்கு யாருக்கும் தொழில்நுட்பப் பட்டம் தேவையில்லை.

இரும்பா அலுமினியமா என்ற சண்டையில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. நல்ல அலுமினியக் கலவையில், ஒரே கட்டியாகக் கடைந்து, முட்டு சரியாக அமைந்த மவுண்ட், வார்த்து எடுத்த மோசமான இரும்பு மவுண்டைவிட எல்லா வகையிலும் மேல். மவுண்டின் எடையும் உதையின்போது ஸ்க்ரூக்கள் தாங்கும் சுமையில் சேர்ந்துகொள்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குறி அலைவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ஸ்கோப்பின் உள்ளுறுப்பு பழுதாவதுதான், மவுண்டின்மேல் பழி போடுவது தவறு என்பார்கள். மலிவான ஸ்கோப்புகள் கடுமையான உதையில் உள்ளே உடைவது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பழுதும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்: குண்டுகள் சிதறும். அப்போது எல்லாரும் முதலில் மாற்றுவது ஸ்கோப்பை. பேஸ் அப்படியே இருக்கும். புதிய ஸ்கோப் அதே தளர்ந்த அடித்தளத்தில் உட்காரும். சில நாள் சரியாகச் சுடும், ஏனென்றால் மாற்றும்போது ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்கியிருப்பார்கள். பழைய ஸ்கோப்தான் குற்றவாளி என்ற முடிவு உறுதியாகிவிடும். தவறான முடிவு தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும் வழி இது. சோதனையின் வரிசையை மாற்றினால் உண்மை வெளிவரும்: முதலில் வண்ணக் கோடு, பிறகு முறுக்களவு, பிறகு முட்டும் இடத்தின் தேய்மானம், இவை எல்லாம் சரி என்றால் மட்டும் ஸ்கோப்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் இதைத் தெளிவாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஸ்கோப்பை மனத்தில் வைத்துப் பிறந்ததல்ல. அதைக் குறிசுடும் துப்பாக்கியாக மாற்றும் வேலை லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்குப் போனது. அவர்கள் நம்பர் 4 துப்பாக்கி உடலின் இடப்பக்கத்தில் எஃகுத் திண்டுகளை ஸ்க்ரூ போட்டதோடு நிற்காமல் ஈயப்பற்றும் வைத்து இணைத்தார்கள். அப்படியும் முன்திண்டின் ஸ்க்ரூக்கள் தளர்ந்ததால் அவற்றைக் குத்தி நகராமல் செய்தார்கள். தாங்கியின்மேல் துப்பாக்கியின் எண்ணையும், துப்பாக்கியின் மரக்கட்டையின்மேல் ஸ்கோப்பின் எண்ணையும் பொறித்தார்கள். இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தாங்கி, இந்த ஸ்கோப் என்ற மூன்றும் ஒரே பொருள் என்பதுதான் அதன் கருத்து. .303-இன் உதையோ .375-இன் பாதிகூட இல்லை. இஷாப்பூரின் .315 அதே குடும்பத்துத் துப்பாக்கி. அதன் மேல்பகுதியில் பட்டறையில் துளை போட்டு இரண்டு ஸ்க்ரூவில் ஸ்கோப் மாட்டுகிறவர்கள், அந்தக் குடும்பத்தின் வரலாற்றையே தெரியாமல் செய்கிறார்கள்.

முன்னோர்கள் ஸ்கோப்பே இல்லாமல் சுட்டார்களே என்பது இன்னொரு வாதம். தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் வைத்திருந்தார். மேலிருந்து தோட்டா ஏற்றும் அந்த 1895 மாடலின் தலைக்கு நேர்மேலே ஸ்கோப் வைக்கவே இடமில்லை. ஜிம் கார்பெட்டும் திறந்த குறியோடுதான் போனார். அவர்கள் சுட்டது பெரும்பாலும் மிக நெருக்கத்தில். ஏலத்தோட்டத்தின் கீழ்ச்செடி அடர்த்தியிலும் உண்ணிச்செடிப் புதரிலும் இருபது முப்பது அடி தூரத்தில் பன்றி எதிர்ப்பட்டால் திறந்த குறிதான் உதவும், ஸ்கோப் தடை. அந்தி மங்கிய பிறகு மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் அறுபது மீட்டரில் நின்றால் திறந்த குறி தெரியாது, குறைந்த பெருக்கமுள்ள ஸ்கோப்பில் தெரியும். இரண்டும் தேவைப்படும் இடத்தில், கழற்றி மறுபடி மாட்டினால் அதே குறிக்குத் திரும்பும் மவுண்ட் வேண்டும். அந்தத் தரம் ஸ்கோப்பில் இல்லை, முழுக்க மவுண்டில் இருக்கிறது. முன்னோர்கள் வாதம் மவுண்டைப் பற்றி இன்னும் கறாராக இருக்கச் சொல்கிறதே தவிர, அலட்சியத்துக்கு இடம் தரவில்லை.

வேலி, அகழி, இரவுக் காவல் என்று உயிர் போகாத வழிகள் இருக்கும்போது துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்த வழிகள் முதலில் வர வேண்டும். ஆனால் சுடலாம் என்று அரசு முடிவெடுத்த பிறகு, சுடும் கருவியைப் பற்றிப் பேசாமல் இருப்பது கருணை ஆகாது. கொள்முதல் பட்டியலில் ஸ்கோப்பின் பெருக்கமும் லென்ஸ் அளவும் எழுதும் இடத்திலேயே, மவுண்ட் எந்த வகை, முட்டு எங்கே, ஸ்க்ரூவின் அளவு என்ன, முறுக்களவு எவ்வளவு என்றும் எழுத வேண்டும். துப்பாக்கியின் எண்ணோடு மவுண்டின் எண்ணும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் பழைய குறிசரிபார்ப்பு செல்லாது.

மலைச்சரிவு இதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும், அதைவிட மோசமான தோட்ட ஜீப் தடங்களிலும் துப்பாக்கி மணிக்கணக்கில் குலுங்குகிறது. குலுக்கல் சிறியதுதான், ஆனால் ஏற்கெனவே சற்றுச் சாய்ந்த ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்த அது போதும். மேட்டின் பனிமூட்ட ஈரம் மரைக்குள் துருவை ஏற்றுகிறது. துருப்பிடித்த ஸ்க்ரூ டார்க் ரெஞ்சுக்கு இறுகியதுபோலக் காட்டும், உண்மையில் அழுத்தம் இருக்காது. ஆகவே சுடுதளத்தில் போன மாதம் சரிபார்த்தோம் என்பது பதிலல்ல. போக்குவரத்து முடிந்த பிறகு, பாதுகாப்பான மண்மேட்டின் எதிரில், பகல் வெளிச்சத்தில், 50 மீட்டரில் காகிதத்தின்மேல் மூன்று தோட்டா சுட்டுப் பார்க்க வேண்டும். வண்ணக் கோடு உடைந்திருந்தாலோ மூன்றும் 5 சென்டிமீட்டருக்குள் குறியைச் சுற்றி விழாவிட்டாலோ அன்றிரவு அந்தத் துப்பாக்கி தோட்டத்துக்குள் போகக் கூடாது, பன்றி எவ்வளவு அழித்திருந்தாலும், ஊர்க்காரர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும்.